மரத்தூளும் தீப்பொறியும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய ஒர்க்ஷாப் ஷெட்டை இடித்துவிட்டு கார் நிறுத்தும் இடமாக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. மாலைக் கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறோம். அதற்கு முன் என் யோசனையையும் கேளுங்கள். வருடத்துக்கு மூன்று மாதம் அந்த ஷெட்டில் ஒரு மரவேலைக் கலைஞரையும் ஒரு உலோகவேலைக் கலைஞரையும் தங்கி வேலை செய்ய விடுவோம். இதற்கு ‘ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி’ என்று பெயர். தங்க இடம், கைச்செலவுப் பணம், மெஷின், மெட்டீரியல் எல்லாம் நம் பொறுப்பு. என்ன செய்வது என்பது அவர் பாடு.

“இஞ்சினியரிங் காலேஜில் கலைஞனுக்கு என்னப்பா வேலை?” என்று பின்வரிசையில் ஒரு அண்ணன் முணுமுணுப்பது கேட்கிறது. பாத்டப் கம்பெனியில் கலைஞனுக்கு என்ன வேலை? அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் கோலர் கம்பெனி இருக்கிறது. 1873-இல் தொடங்கியது, வாஷ்பேசின், பாத்டப், குழாய் செய்கிறவர்கள். 1974-இல் பக்கத்து ஊரான ஷெபாய்கனின் கலை மையம் ஒன்று ஜாக் எர்ல், டாம் லடூசா என்ற இரண்டு பீங்கான் கலைஞர்களை அந்த ஆலைக்குள் அனுப்பியது. பிறகு இரும்பு, பித்தளை வார்ப்பாலையும் திறந்துவிடப்பட்டது. தொழிலாளி ஒரு பக்கம் தன் வேலையைப் பார்ப்பார், கலைஞர் பக்கத்திலேயே தன் வேலையைப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் கேட்பது அந்தத் தொழிலாளியைத்தான். ஐம்பது வருடம் தாண்டி இன்னும் நடக்கிறது. லாபக்கணக்கு பார்க்கிற கம்பெனி சும்மாவா இத்தனை வருடம் விட்டு வைத்திருக்கும்?

மரவேலைக்கும் உண்டு. பிலடெல்ஃபியாவில் 1995 முதல் மரம் கடைபவர்களைக் கோடையில் இரண்டு மாதம் ஒன்றாகத் தங்கவைக்கிறார்கள். கூடவே ஒரு ஆய்வாளர், ஒரு புகைப்படக்காரர். செய்ததைப் பதிவு செய்ய ஆள் வைத்தது எனக்குப் பிடித்த விஷயம். நம்ம ஊர் ஆசாரி செய்ததை யார் எழுதி வைத்தோம்?

சரி, மரமும் உலோகமும் ஏன் சேர்ந்து? நான் கோயம்புத்தூரில் ஃபவுண்டரி வேலையில் இருக்கிறேன். வார்ப்புக்கு முதலில் வேண்டியது மரத்தில் செய்த பேட்டர்ன். அதை மணலில் பதித்து எடுத்த பள்ளத்தில்தான் உலோகத்தை ஊற்றுகிறோம். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு சுமார் எட்டில் ஒரு பங்கு அங்குலம் சுருங்கும். பித்தளை அதைவிட அதிகம், பதினாறில் மூன்று பங்கு. அதனால் பேட்டர்ன் செய்பவர் பயன்படுத்துவது சாதாரண ஸ்கேல் இல்லை; சுருக்கத்தைச் சேர்த்தே கோடு போட்ட ஸ்கேல். மணல் உடையாமல் பேட்டர்ன் வெளியே வர ஓரங்களில் லேசாகச் சரிவும் கொடுப்பார். உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாத தச்சரால் இது முடியாது. பாடப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் படித்துவிட்டுப் போனோமே, அதுதான்!

இதில் சிக்கல் ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஒரே ஹாலில் இரண்டு பேரையும் விட முடியாது. நைஸான மரத்தூள் காற்றில் அடர்ந்து கலந்தால் வெடிக்கவே செய்யும். கிரைண்டர் பொறி பல அடி தூரம் பறக்கும். பொறி ஒன்று டஸ்ட் கலெக்டர் பைக்குள் போய்விட்டால் கமுக்கமாகக் கனன்று, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு பற்றும். இரும்புத்தூள் ஈரமான கருவேலம் பலகையில் விழுந்தால் கறுத்த கறை. அந்தப் பலகை போச்சு. எனவே நடுவில் செங்கல் சுவர், தனித்தனி தூசி உறிஞ்சி, தனித்தனி சாண்டர். வரைபட மேஜையும் டீயும் மட்டும் பொது. வெல்டிங் முடிந்ததும் கிளம்பிவிடக் கூடாது; ஒரு ஆள் நின்று காவல் பார்க்கணும். இந்தக் காவல் நேரத்தை அமெரிக்கத் தீ விதி 2019-இல் அரை மணியிலிருந்து ஒரு மணியாக உயர்த்தியது. தம்பிகளா, இதெல்லாம் பரீட்சைக்கு வராது, ஆனா கை போகாம இருக்கும்.

ஆளுக்குப் பஞ்சமில்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகள், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்ப்பவர்கள், அரும்பாவூரில் மரச்சிற்பிகள் இருக்கிறார்கள். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஓவியர்கள் கைவினைப் பொருள் செய்து விற்றே நிலம் வாங்கி நின்றார்கள். நாம் கேட்பது நிலம்கூட இல்லை. நமக்கே சொந்தமான ஷெட்டில் மூன்று மாதம்.

சிவில் அண்ணன்மார் யாராவது அந்தச் சுவருக்கு மதிப்பீடு போட்டுக் கொடுங்கள். எலக்ட்ரிகல்காரர்கள் பழைய த்ரீ பேஸ் வயரிங்கைப் பார்க்கணும். அதை அப்படியே நம்ப எனக்கு தைரியம் இல்லை. முதல் வருடக் கலைஞர்களின் கைச்செலவில் பாதியை எங்கள் செட் ஏற்கும், பேசிவிட்டோம். மீதிப் பாதியைச் சங்கம்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஷெட்டைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இடிக்கலாம் என்கிறவர்களும் ஒருதரம் உள்ளே வந்து பாருங்க. லேத் இன்னும் சுற்றுகிறது.