கோபுர முத்திரையும் ஆளுநரின் ஆணையும்



தமிழ்நாட்டு அரசின் ஆணை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பீர்களாயின், அதன் தலைப்பில் ஒரு கோபுரம் விளங்கக் காண்பீர்கள். 1949-ஆம் ஆண்டு முதல் நமது இராஜாங்க முத்திரையாக விளங்கும் அக்கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரமே என்று எங்கள் ஊரார் பெருமை பேசுவர். மதுரை மேலைக் கோபுரத்தைப் பார்த்து வரைந்தது என்பாரும் உளர். அந்த வழக்கு இப்போது நமக்கு வேண்டாம். ஆணையின் அடிப்பகுதிக்கு வாருங்கள். அங்கே 'ஆளுநரின் ஆணைப்படி' என்ற சொற்களும், அவற்றின்கீழ் அரசுச் செயலாளர் ஒருவரின் பெயரும் இருக்கும். துறை அமைச்சர் கையொப்பமிடுவதில்லை, முதலமைச்சரும் அவ்வாறே. அப்படியாயின் ஆணையிட்டவர் யார்? ஆளுநரா, அமைச்சரா, செயலாளரா?

இவ்வினாவுக்கு விடை காணத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. இராஜபாளையத்தில் பிறந்த பி. எஸ். குமாரசுவாமி ராஜா அவர்களின் பொதுவாழ்க்கையைப் பார்த்தாலே போதும். 1949 ஏப்ரலில் அவர் சென்னை மாகாணத்தின் தலைமைப் பதவியை ஏற்றார். அந்நாளில் அப்பதவிக்குப் பிரதம மந்திரி என்று பெயர். 1950 ஜனவரி 26-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வரவே, அவர் முதலமைச்சர் என அழைக்கப்பட்டார்.

அரசியல் சட்டம் மாநிலத்தின் நிர்வாக அதிகாரத்தை ஆளுநரிடம் ஒப்படைக்கின்றது. ஆனால் அவர் அதனைத் தம் விருப்பப்படி செலுத்துவதில்லை; மந்திரிசபையின் ஆலோசனைப்படி செலுத்துகிறார். அவருடைய சொந்த முடிவுக்கென்று சட்டம் விட்டுவைத்திருப்பவை சிலவே. அவை எவை என்பது குறித்து ஆளுநர்களுக்கும் மந்திரிசபைகளுக்குமிடையே நம் காலத்திலும் வழக்குகள் நிகழ்ந்துள்ளன. மந்திரிசபையோ சட்டசபைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. இன்று தமிழ்நாட்டுச் சட்டசபையில் 234 உறுப்பினர் இருக்கின்றனர். 2003-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதலமைச்சர் உட்பட அமைச்சர்களின் தொகை அதில் நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டலாகாது. ஆகவே 35 பேருக்குமேல் அமைச்சராக இயலாது. முடிவு அமைச்சருடையது; பெயர் ஆளுநருடையது. அம்முடிவைக் கோப்பிலிருந்து ஆணையாக வடித்து ஒப்பமிடுபவர் செயலாளர்.

அங்ஙனம் இடப்படும் ஆணையும் எதிர்ப்பின்றி நின்றுவிடும் என்பதில்லை. ராஜா அவர்களின் ஆட்சிக் காலத்திலேயே இதற்குப் பெரியதோர் உதாரணம் கிடைத்தது. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பகிர்ந்தளிக்கும் அரசாணை இம்மாகாணத்தில் நீண்ட காலமாக நடைமுறையில் இருந்துவந்தது. 1950-இல் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பாராளுமன்றம் அரசியல் சட்டத்தையே முதன்முறையாகத் திருத்தி, பிற்பட்ட வகுப்பினரின் முன்னேற்றத்துக்கெனத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. கல்லூரியில் பயிலும் உங்களுள் பலர் இன்று அங்கே அமர்ந்திருப்பதற்கு இந்நிகழ்ச்சியோடு தொடர்பு உண்டு.

இனி 1952-ஆம் ஆண்டுக்கு வருவோம். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்து நடந்த முதல் பொதுத் தேர்தல் அது. முதலமைச்சராகிய ராஜா அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் நின்றார், தோற்றார். மாகாணத்தின் முதல்வரை அவருடைய அண்டை அயலாரே வேண்டாம் என்றனர்! அவர் கட்சிக்கும் 375 இடங்களில் 152 தான் கிடைத்தது. சட்டசபையில் உறுப்பினரல்லாத ஒருவர் ஆறு திங்கள் வரை அமைச்சராக இருக்கலாம் என்று சட்டம் இடங்கொடுக்கிறது. ஆயினும் ஏப்ரலில் அவர் பதவியை விட்டு நீங்க, இராஜாஜி முதல்வரானார். இராஜாஜியோ தேர்தலிலேயே நிற்காதவர்; ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அவரை மேல்சபைக்கு நியமித்தார். இது முறையா என்று அன்று பலரும் வினவினர். அவ்வினா நியாயமானதே என்பது என் கருத்து. பின்னர் இராஜாஜி சட்டசபையில் நம்பிக்கை வாக்குப் பெற்றார். அந்த மேல்சபை 1986-இல் கலைக்கப்பட்டுவிட்டது. இத்தனை மாறுதலுக்கிடையிலும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்த கோப்புகள் கோட்டையிலேயே இருந்தன. செயலாளர்கள் தம் பணியைத் தொடர்ந்தனர்.

ராஜா அவர்கள் 1954-இல் ஒரிஸ்ஸாவின் ஆளுநரானார். அங்கே முதலமைச்சராக இருந்தவர் நவகிருஷ்ண சௌதரி. சென்னையில் ராஜா அவர்கள் முடிவுசெய்தவை வேறொருவர் பெயரால் ஆணைகளாயின. ஒரிஸ்ஸாவிலோ வேறொருவர் முடிவுசெய்தவை ராஜா அவர்களின் பெயரால் வெளிவந்தன. இரண்டு பதவிகளின் வேற்றுமையை இதனினும் தெளிவாக விளக்கும் வாழ்க்கை நம் வட்டாரத்தில் பிறிதொன்று இல்லை.

மாநில அரசு செய்யும் வேலைகளுள் போலீஸ், நிலம், பொதுச் சுகாதாரம், விவசாயம், ஊராட்சி, நகராட்சி முதலியவை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. கல்வியும் காடும் ஒரு காலத்தில் அப்பட்டியலிலேயே இருந்தன. 1976-இல் நிறைவேறிய நாற்பத்திரண்டாம் திருத்தம் அவற்றைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. பள்ளிக்கூடத்தில் காலங்கழித்தவனாகிய எனக்குக் கல்வியைப் பற்றிய அம்மாற்றம் உவப்பானதன்று. காட்டின் நிலைக்கு எங்கள் மேற்கு மலையே சான்று: அங்கே 2021-இல் ஏற்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் மத்திய சட்டத்தின்கீழ் மாநில அரசு அமைத்தது.

கோட்டையில் பிறக்கும் ஆணை கிராமத்தை அடையும் வழியும் அறியத்தக்கது. முன்பு கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் பரம்பரையாக இருந்த இடத்தில் 1980-க்குப் பின் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தந்தையார் காலமானபின் நிலத்தின் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டுமாயின், மனு அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரைச் சேரும். தாசில்தார் முடிவு பிழையெனத் தோன்றினால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர் இருக்கிறார். ஆனால் நிலம் யாருக்குப் பாத்தியம் என்ற தகராறு மூளுமானால், அதைத் தீர்ப்பது தாசில்தாரும் அல்லர், கலெக்டரும் அல்லர், அது சிவில் நீதிமன்றத்தின் வேலை. 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து எங்கள் மாவட்டம் உருவானபோது கலெக்டர் அலுவலகம் விருதுநகரில் அமைந்தது. மாவட்ட நீதிமன்றம் இருப்பதோ ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆகையால் கலெக்டரிடம் மனுக் கொடுக்க எங்கள் ஊரார் கிழக்கே பஸ் ஏறுகின்றனர். வழக்குடைய விருதுநகர்வாசிகள் மேற்கே எங்கள் ஊருக்கு வருகின்றனர்.