உடன்படிக்கை தந்த உரிமையும் மாநிலம் மறுத்த உரிமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நடுவணரசு எழுதிக்கொடுத்த உரிமையை மாநில அரசு தடுக்குமாயின் எளிய மக்களின் கதி யாது? இவ்வினாவுக்கு விடை காண அமெரிக்க வரலாற்றின் ஒரு பகுதியை நாம் இன்று எடுத்துக்கொள்வோம்.

1846ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் மெக்சிகோவுக்கும் போர் மூண்டது. தோல்வியுற்ற மெக்சிகோ, 1848 பிப்ரவரி 2ஆம் நாள் குவாதலூப் ஹிதால்கோ என்னும் ஊரில் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. கலிபோர்னியா, நியூ மெக்சிகோ உள்ளிட்ட பெருநிலப்பரப்பு கைமாறியது. ஈடாக அமெரிக்கா அளித்த தொகை 1.5 கோடி டாலர்.

நிலத்தோடு மக்களும் கைமாறினர். அங்கேயே தங்குவோர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகலாம், அவர்தம் உடைமைகள் காக்கப்படும் என்று உடன்படிக்கை உறுதி கூறியது. நடுவணரசு செய்யும் உடன்படிக்கை நாட்டின் தலையாய சட்டம் என்பது அமெரிக்க அரசியலமைப்பின் 6ஆம் விதி. இத்துணை உறுதி இருந்தும் நடந்தது என்ன?

முதற்கண், நடுவணரசே வாக்கைத் தளர்த்தியது. நிலக்கொடைகளைக் காக்கும் 10ஆம் பிரிவை அமெரிக்க மேலவை நீக்கிவிட்டது. 1851ஆம் ஆண்டின் நிலச்சட்டம், கலிபோர்னியாவில் நிலம் தமதென மெய்ப்பிக்கும் பொறுப்பை உடையவர் தலைமேலேயே சுமத்தியது. பட்டா பெறச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆயின. வழக்குச் செலவிலேயே நிலத்தை இழந்தோர் பலர்.

அடுத்து மாநிலம். கலிபோர்னியாவின் 1849ஆம் ஆண்டு அரசியலமைப்பு வெள்ளை நிற ஆடவர்க்கே வாக்குரிமை தந்தது. வெள்ளையர் தொடர்பான வழக்கில் கறுப்பரும் பூர்வகுடியினரும் சாட்சி சொல்லலாகாது என்று மாநிலச் சட்டம் தடுத்தது. மனுவேல் தொமிங்கேஸ் என்பார் அம்மாநில அரசியலமைப்பிலேயே கையொப்பமிட்டவர். 1857இல் அவர் சாட்சி சொல்ல நீதிமன்றம் சென்றபோது, பூர்வகுடிக் குருதி கலந்தவர் என்று கூறித் தடுத்துவிட்டனர். சட்டம் இயற்றிய கைக்கே சட்டத்தின் முன் மதிப்பில்லாமற் போயிற்று!

கைமாறிய நிலத்தில் அடிமைமுறை உண்டா, இல்லையா என்ற பூசலும் எழுந்தது. மெக்சிகோ 1829லேயே அடிமைமுறையை ஒழித்திருந்தது. தென் மாநிலங்களோ மாநில உரிமை என்னும் பெயரால் அடிமைமுறைக்கு அங்கே இடம் கேட்டன. 1850இன் சமரசம் பூசலைத் தள்ளிப்போட்டதேயன்றித் தீர்க்கவில்லை. 1861இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1868இன் 14ஆம் திருத்தத்திற்குப் பின்னரே குடிமக்களின் உரிமையை மாநிலங்கள் பறிக்கலாகாது என்பது அரசியலமைப்பில் ஏறியது.

ஏறியும் என்ன? நியூ மெக்சிகோ மாநிலம், வரி செலுத்தாத பூர்வகுடியினர் என்னும் காரணம் காட்டி அம்மக்களுக்கு வாக்குரிமையை மறுத்துவந்தது. மிகேல் துருஹியோ என்னும் பூர்வகுடி ஆசிரியர், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியவர், வழக்குத் தொடுத்து 1948இல் வென்றார். உடன்படிக்கைக்குச் சரியாக 100 ஆண்டுகள் கழித்து!

அதே 1948இல், நவம்பர் 4ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்க அமைப்பையும் நம்முடையதையும் ஒப்பிட்டுப் பேசினார். அங்கே நாட்டுக்கும் மாநிலத்துக்கும் இரட்டைக் குடியுரிமை. இங்கே இந்தியா முழுமைக்கும் ஒரே குடியுரிமை என்று விளக்கினார். தீண்டாமையை 17ஆம் விதி ஒழித்தது. அக்குற்றத்திற்குத் தண்டனை விதிக்கும் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 35ஆம் விதி நாடாளுமன்றத்துக்கே அளித்தது. மாநிலச் சட்டமன்றங்களுக்கு அளிக்கவில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நாடாளுமன்றம் இயற்றியவையே.

எனினும், இளைஞர்களே, புகாரைப் பதிவு செய்யும் காவல் நிலையம் மாநிலத்தின் கையில் உள்ளது. மேலே எழுதிய சட்டம் கீழே இறங்கி நம் தெருவுக்கு வரவேண்டுமாயின், அதனைப் படித்துக் கேட்பவர் ஒருவர் அத்தெருவில் இருத்தல் வேண்டும். நிலப் பட்டாவையும் சான்றிதழ்களையும் பேணுங்கள். விதியின் எண்ணைச் சொல்லி மனு எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். சட்டம் பயில விரும்பும் பிள்ளைகளுக்கு நம் சங்கம் கைகொடுக்கட்டும். துருஹியோ ஓர் ஆசிரியர் என்பதை மறவாதீர்கள்.