பக்கத்துத் தெருவுக்கும் வேண்டும் இந்தப் பரிசோதனை

ஹைதராபாத் சனத்நகர் என்றதும் தொழிற்பேட்டையும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும்தான் பலருக்கு நினைவு வரும். அங்கே லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவியோடும் மகனோடும் என்னிடம் மரபணு ஆலோசனைக்கு வந்தார். சொந்தத்தில் கட்டியவர்கள். பையனுக்குத் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தினமும் மாத்திரை. அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐந்தாம் மாதம்.

"முதல் பிள்ளைக்கே இந்த டெஸ்ட் எடுக்கணும்னு யாரும் சொல்லலியே மேடம்" என்றார் அந்தப் பெண்.

அந்த டெஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஹெச்.பி.ஏ2 என்ற அளவைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அது கூடியிருந்தால் பெரும்பாலும் கேரியர், அதாவது நோயின் மரபணுவைச் சுமப்பவர். கேரியருக்கு நோய் இல்லை. ஓடியாடி வேலை செய்வார், தன்னிடம் அது இருப்பதே தெரியாது. கணவன் மனைவி இருவருமே கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு நோய் வர. முதலில் தாய்க்குப் பார்த்து, இருந்தால் மட்டும் தகப்பனுக்குப் பார்த்தால் போதும். மூன்றாம் மாதத்திலேயே நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துக் கருவின் நிலையை அறியலாம். ஐந்தாம் மாதத்திலும் பனிக்குட நீரில் பார்க்கலாம்தான். ஆனால் வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு முடிவெடுக்க ஒரு தாய் படும் பாட்டை நான் நேரில் பார்க்கிறேன்.

வசதி உள்ளவர்கள் இன்னும் முன்னாலேயே போய்விடுகிறார்கள். சோதனைக் குழாயில் உருவான கருக்களைப் பரிசோதித்து, நோயில்லாததைக் கருப்பையில் வைக்கிறார்கள். செலவு லட்சங்களில். எனக்குக் கவலை இங்கேதான். ஒரு தெருவில் தலசீமியா தடுக்கப்பட்டு, பக்கத்துத் தெருவில் மட்டும் பிறந்துகொண்டிருந்தால், நாளை அதற்கு ஏழை வீட்டு நோய் என்று பெயர் விழும். அப்போது ரத்ததான முகாமுக்கு யார் வரிசையில் நிற்பார்கள்?

கருவைப் பரிசோதிக்கலாமா என்றால், ஆணா பெண்ணா என்று பார்க்கச் சட்டம் 1994-லேயே தடை போட்டது. நோயைப் பார்க்க அனுமதித்தது. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 919 பெண் குழந்தைகள்தான். அந்தத் தடை எவ்வளவு அவசியம், பாருங்கள்.

இன்னொன்று. நாங்கள் பேசும்போது பையன் பக்கத்தில் உட்கார்ந்து என் படிவத்தின் பின்பக்கம் பஸ் வரைந்துகொண்டிருந்தான். பரிசோதனை வேண்டும் என்பது, அவன் பிறந்திருக்கக் கூடாது என்பதல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் இருக்கிறது. அவனுக்கு ரத்தமும் மருந்தும் பள்ளியில் இடமும் உரிமை.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும், முதல் பிரசவத்துக்குச் சீட்டு போடும் நாளிலேயே இந்த ரத்தப் பரிசோதனையையும் டாக்டர் எழுதித் தர வேண்டும். அந்த நாள் வருமென்று நம்புகிறேன். அதுவரை நீங்களே கேட்டு வாங்குங்கள்.