கைதட்டல் யாருக்கு?



ஏழரை நிமிடக் கார்ட்டூனுக்கு ஒரு பேச்சாளர் வேறா என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான். படத்தைவிட நீளமாகப் பேசமாட்டேன், பயப்பட வேண்டாம்.

இப்போது பார்த்த படம் 'தி கேட் கான்செர்டோ', 1947-இல் வெளிவந்தது. டாம் அண்ட் ஜெர்ரி என்றாலே நமக்கு வீட்டுத் தொலைக்காட்சிதான் ஞாபகம் வரும். ஆனால் இதெல்லாம் அமெரிக்காவில் காசு கொடுத்துத் தியேட்டருக்குள் வந்தவர்களுக்கு, பெரிய படத்தோடு சேர்த்துப் போட எடுத்தவை. எம்.ஜி.எம். கார்ட்டூன் பிரிவில் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா என்ற இரண்டு பேர் சேர்ந்து எடுத்து, 1940 முதல் 1958 வரை வெளிவந்த படங்கள் 114. முதல் படத்தில் பூனைக்கு டாம் என்ற பெயர்கூடக் கிடையாது. ஜாஸ்பர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெரும்பாலான படங்களில் களம் ஒரு வீடு. பூனை துரத்தும், சுண்டெலி ஓடும், பீங்கான் நொறுங்கும். இந்தப் படத்தில் அந்த ஓட்டமே இல்லை, கவனித்தீர்களா? டாம் நீண்ட கறுப்புக் கோட்டு போட்டு, மிடுக்காக மேடைக்கு வந்து, பியானோ முன்னால் உட்கார்ந்துவிட்டான். வாசிப்பது லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் இரண்டாவது ஹங்கேரிய ராப்சடி. பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி சுற்றிய சுத்தியல் எழும்பித் தந்தியைத் தட்டும். அந்தச் சுத்தியல்கள் மேல்தான் ஜெர்ரி படுத்துத் தூங்குகிறது. இவன் வாசிக்க வாசிக்க அது தூக்கியெறியப்படுகிறது. தூக்கம் கெட்டவனுக்குக் கோபம் வராதா? முதல் குற்றவாளி டாம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அதற்குப் பிறகு டாமின் நிலைமையைப் பாருங்கள். வீடாக இருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பான். இங்கே சபை பார்த்துக்கொண்டிருக்கிறது. முன்வரிசையில் குழந்தை வீறிட்டாலும் ஆலாபனையை விடாமல் பிடித்துக்கொண்டு போகும் பாடகரைப் போல, முகத்தில் புன்னகையை ஒட்டவைத்துக்கொண்டு வாசித்தே தீரவேண்டும். பியானோவின் கோடியில் ஜெர்ரி கத்தரிக்கோலோடு காத்திருக்கிறது. டாமின் விரல் வந்து கட்டையைத் தொட்டுவிட்டுத் தப்பிவிடுகிறது. திரும்ப வருகிறது, திரும்பவும் தப்புகிறது. சலித்துப்போய் ஜெர்ரி கட்டைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எலிப்பொறியை வைக்கிறது. எலியே வைக்கும் எலிப்பொறி! விரல்கள் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவி வாசிக்கின்றன, கடைசியில் மாட்டிக்கொள்கின்றன. மற்ற படங்களில் பூனை ஓடும் ஓட்டத்துக்குத் தகுந்தபடி ஸ்காட் பிராட்லி இசை எழுதுவார். இங்கே லிஸ்ட் எழுதிவைத்துப் போனதற்குப் பூனையும் எலியும் கட்டுப்பட வேண்டும். அடி விழுவதுகூடத் தாளத்தில்தான் விழ முடியும்.

இதே ராப்சடியை வைத்து வார்னர் நிறுவனம் 1946-இல் 'ராப்சடி ராபிட்' எடுத்தது. அதிலும் பியானோ, அதிலும் எலி. யார் யாரைக் காப்பியடித்தார் என்று இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டன. அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் படத்தில் ரசிகர் ஒருவர் இருமினால், பியானோ வாசிக்கும் பக்ஸ் பன்னி என்ற முயல் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடும். அந்தச் சலுகை டாமுக்கு இல்லை. அதனால்தான் இது எனக்கு ஒருபடி மேலான படம்.

முடிவுக்கு வருகிறேன். டாம் கோபத்தில் ஜெர்ரியைச் சுத்தியல்களுக்கு நடுவே எறிந்து புடைக்கிறான். ஜெர்ரி சுத்தியல்களைப் பிடுங்கித் தந்திகளைத் தட்டி, கடைசிப் பகுதியைத் தானே வாசித்து முடிக்கிறது. டாம் கசங்கிக் கந்தலாகிச் சரிந்துவிடுகிறான். கைதட்டல் பொங்குகிறது, வெளிச்சம் எலி மேல் விழுகிறது, எலி குனிந்து வணங்குகிறது.

சிறந்த கார்ட்டூன் குறும்படம் என்று இந்தப் படத்துக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். வாங்கியது யார் தெரியுமா? தயாரிப்பாளர் ஃப்ரெட் குவிம்பி. டாம் அண்ட் ஜெர்ரிக்கு மொத்தம் 7 ஆஸ்கர். காட்சி காட்சியாக யோசித்து எடுத்த ஹன்னாவும் பார்பராவும் அவற்றை வாங்க மேடை ஏறவே இல்லை. 1955-இல் குவிம்பி ஓய்வுபெற்றார். தயாரிப்பாளர் நாற்காலி இருவருக்கும் வந்தது. ஆஸ்கர் மட்டும் டாம் அண்ட் ஜெர்ரி பக்கம் மறுபடி வரவில்லை. பழைய படங்களைத் திரும்ப வெளியிட்டாலே வசூல் வருகிறது என்று 1957-இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது.

ஆபரேட்டர் தம்பியிடம் படத்தை இன்னொரு தடவை போடச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை குழந்தைகள் எலியைப் பாருங்கள். பெரியவர்கள் டாமின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். தம்பி, விளக்கை அணைக்கலாம்.