வரையாடு ஈனும் காலம்

(சபையின் ஆண்டு விழாவில், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்தபோது பகிரப்பட்ட செய்தி)



ஆண்டு விழாவில் பத்து நிமிடம் பேசுங்கள் என்று போதகர் ஐயா சொன்னபோது, எதைப் பேசுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. என் மனதில் ஒரு செடி இருந்தது. அந்தச் செடியை நான்தான் பிடுங்கினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நவம்பர் கடைசியில் நம் சபைக் குடும்பங்கள் சேர்ந்து பாலைவனத்துக்குப் பிக்னிக் போனோம். உங்களில் பலர் அன்று வந்திருந்தீர்கள். பிரியாணி அண்டா வந்தது, தண்ணீர் கேன் வந்தது, கிரிக்கெட் மட்டை வந்தது. கோழி சுடுவதற்குக் கொண்டுபோன கரி மட்டும் பற்றவே இல்லை. நானும் இன்னும் இரண்டு சகோதரர்களும் விறகு தேடிப் போனோம். முழங்கால் உயரத்துக்குக் குச்சி குச்சியாய்ப் புதர்கள் நின்றன. ஒரு இலை கிடையாது. செத்த செடி என்று நினைத்து ஏழெட்டை வேரோடு பிடுங்கி வந்தோம். நன்றாகத்தான் எரிந்தது.

ஆடு மேய்க்கிற ஒரு முதியவர் வந்து நெருப்புப் பக்கத்தில் நின்றார். திட்டவில்லை. மிச்சம் கிடந்த ஒரு குச்சியை எடுத்து நகத்தால் சுரண்டினார். பட்டைக்குக் கீழே பச்சை தெரிந்தது. "சதீக், இது சாகவில்லை. மழைக்குக் காத்திருக்கிறது" என்று அரபியும் இந்தியுமாகச் சொன்னார். "அர்ஃபஜ், அர்ஃபஜ்" என்று இரண்டு தடவை பெயரையும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் தெரிந்தது. அர்ஃபஜ் குவைத்தின் தேசிய மலர். பதினைந்து வருஷமாக இந்த நாட்டின் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு, அதன் தேசிய மலரைக் கோழி சுட எரித்திருக்கிறேன்.

பிள்ளைகளே, அந்தச் செடியைப் பற்றிக் கேளுங்கள். கோடையில் இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாய் நிற்கும். மழை பெய்தால் துளிர்க்கும். வசந்த காலத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூவாய்ப் பூக்கும். ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் அது தீனி. காற்று அடிக்கும்போது பறந்து வருகிற மணல் அதன் அடியில் தங்கிச் சிறிய மேடாகும். ஒவ்வொரு புதரும் தன்னால் முடிந்த அளவு மணலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் புதர் போய்விட்டால் பிடிப்பார் இல்லாத மணல் காற்றோடு கிளம்பிவிடும். ஃபர்வானியாவில் நம் ஜன்னல் விளிம்பில் அம்மா தினமும் துடைக்கிற புழுதி எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டீர்களானால், செடி இல்லாமல் போன நிலத்திலிருந்தும் வருகிறது.

ஒரு காலத்தில் குவைத்தின் பாலைவனத்தில் பெரும் பகுதியை அர்ஃபஜ் மூடியிருந்தது. அளவுக்கு மிஞ்சிய மேய்ச்சல், கூடாரம் அடிப்பது, தடம் இல்லாத இடத்தில் வண்டி ஓட்டுவது ஆகியவற்றால் அது குறைந்துகொண்டே வந்தது. 1990-91 யுத்தத்தில் டாங்கிகள் ஓடின, பதுங்குகுழிகள் தோண்டப்பட்டன, 600-க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் கொளுத்தப்பட்டன. கடைசிக் கிணற்றை அணைத்தது 1991 நவம்பரில். அந்த நாட்களில் இங்கே இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு ஓடிய மூத்தவர்கள் சிலர் இன்று நம் நடுவில் இருக்கிறார்கள். மனிதர் அழுததை நாம் கேட்டோம். நிலமும் அடிபட்டது.

பிறகு வந்தவர்கள் சூழலியல் விஞ்ஞானிகள். குவைத் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருப்பவர்கள் அர்ஃபஜ் விதை எப்போது முளைக்கும், ஏன் முளைக்க மறுக்கும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதன் பூத்தலை காய்ந்து முழுதாகக் கீழே விழும். விதை அதற்குள்ளே பூட்டிக் கிடக்கும். சுலபத்தில் முளைக்காது. அதை முளைக்க வைத்து, நாற்றாக்கி, திரும்ப நிலத்தில் நடுவது பொறுமை வேண்டிய வேலை. இன்னொரு பக்கம், சபா அல்-அஹ்மத் இயற்கைக் காப்பகம் போன்ற இடங்களுக்கு வேலி போட்டார்கள். வேலிக்கு உள்ளே ஆடும் வண்டியும் போகாததால் செடிகள் தாமாகவே திரும்பி வந்தன. சில சமயம் நாம் செய்ய வேண்டிய பெரிய உதவி, மிதிக்காமல் இருப்பதுதான்.

இனி ஒரு மிருகம். பிள்ளைகளே, ஊருக்குப் போகும்போது தோஹா வழியாகப் போனவர்கள் கையைத் தூக்குங்கள். அந்த விமானத்தின் வாலில் நீண்ட கொம்போடு ஒரு தலை வரைந்திருக்கும், பார்த்தீர்களா? அதுதான் அரேபிய ஒரிக்ஸ். அரபியில் 'மஹா' என்பார்கள். வெள்ளை உடம்பு, வாள் போல இரண்டு கொம்பு, மணலில் புதையாத அகலமான குளம்பு. இந்தத் தீபகற்பம் முழுவதும் திரிந்த மிருகம் அது. ஜீப்பும் துப்பாக்கியும் வந்த பிறகு வேட்டையில் அழிந்துகொண்டே வந்தது.

1962-இல் லண்டனைச் சேர்ந்த விலங்கினப் பாதுகாப்புச் சங்கம் ஒரு குழுவை அனுப்பியது. தலைவர் மேஜர் இயன் கிரிம்வுட். இன்றைய ஏமன் நாட்டின் கிழக்கு ஓரத்தில் அலைந்து தேடி, நான்கு ஒரிக்ஸைத்தான் உயிரோடு பிடிக்க முடிந்தது. அதில் ஒன்று செத்துப்போனது. உடம்பில் பழைய துப்பாக்கிக் குண்டு இருந்தது. மிச்சம் மூன்று. லண்டன் மிருகக்காட்சிசாலை ஒன்று கொடுத்தது. சவூதி மன்னர் நான்கு கொடுத்தார். இன்னும் ஒன்றை யார் கொடுத்தது தெரியுமா? நம் குவைத். அரச குடும்பத்து ஷேக் ஜாபர் அப்துல்லா அல்-சபா 'சல்வா' என்ற பெண் ஒரிக்ஸைக் கொடுத்தார். கூட்டிப் பாருங்கள். ஒன்பது.

நோவாவின் பேழையில் மனிதர் எட்டுப் பேர் என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்தீர்கள். இந்த ஒன்பதும் ஏறிய பேழை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்து மிருகக்காட்சிசாலை. அங்கேயும் பாலைவன வெயில், அதனால் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 அக்டோபரில் முதல் கன்று பிறந்தது. 1972-இல் ஓமானில் கடைசிக் காட்டு ஒரிக்ஸும் வேட்டையாடப்பட்டது. அதற்குப் பிறகு உலகத்தில் எந்தக் காட்டிலும் அது இல்லை. கூண்டில் வளர்ந்தவை மட்டுமே இருந்தன. பத்து வருஷம் கழித்து, 1982-இல், ஓமானின் ஜித்தத் அல்-ஹராசிஸ் சமவெளியில் கதவைத் திறந்து அவற்றை விட்டார்கள். அந்த நிலத்துக்குரிய ஹராசிஸ் கோத்திரத்தாரே காவலராக இருந்தார்கள்.

இதோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் முழு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தச் சமவெளி 1994-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1996-இல் அங்கே 450 ஒரிக்ஸ் இருந்தன. உயிரோடு பிடித்து விற்கிறவர்கள் மறுபடி வந்தார்கள். எண்ணிக்கை 65 ஆனது. எண்ணெய் கிடைத்ததும் காப்பகத்தின் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு குறைக்கப்பட்டது. 2007-இல் யுனெஸ்கோ அந்த இடத்தைப் பட்டியலிலிருந்தே நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். காப்பாற்றியதை மறுபடியும் இழக்கலாம் என்பதை அதிலிருந்து கற்றுக்கொள்கிறோம். பேழை கரை சேர்ந்த பிறகும் வேலை இருக்கிறது. நல்லவேளை, சவூதி, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் போன்ற மற்ற இடங்களிலும் ஒரிக்ஸை விட்டிருந்தார்கள். 2011-இல் காட்டில் ஏறக்குறைய ஆயிரம் இருந்தன. பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அதன் ஆபத்து நிலை குறைக்கப்பட்டது. காட்டில் முற்றிலும் அழிந்த ஒரு இனம் அந்த அளவுக்குத் தேறியது அதுவே முதல் முறை.

இப்போது வேதத்துக்கு வருவோம். யோபுவின் புஸ்தகம் 39-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். தேவன் யோபிடம் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். முதல் வசனத்திலேயே, வரையாடு எப்போது குட்டி ஈனும் என்று உனக்குத் தெரியுமா என்கிறார். வரையாடு என்றால் யார்? நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு! நீலகிரியிலும் ஆனைமலையிலும் வழுக்குப் பாறையில் நிற்கும் அதே பெயர்தான் நம் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது.

யோபு பதில் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. ஆனால் பிற்காலத்தில், மலையில் உட்கார்ந்து அதைக் கவனிக்க சிலர் போனார்கள். ஈ.ஆர்.சி. டேவிதார் என்ற தமிழர், தொழிலால் வழக்கறிஞர், 1975-இல் மலை மலையாக நடந்து வரையாடுகளை முறையாகக் கணக்கெடுத்தார். அவர் நினைவாக அக்டோபர் 7-ஐத் தமிழ்நாடு அரசு வரையாடு தினமாகக் கொண்டாடுகிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருந்தன. மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போயிருக்கிறீர்களா? பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போனால் வாசல் பூட்டியிருக்கும். ஏன்? அது வரையாடு குட்டி போடுகிற காலம். தேவன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்ததால், மனிதன் வாசலைப் பூட்டித் தள்ளி நிற்கிறான். எனக்கு இதுவும் ஒரு ஆராதனையாகத் தோன்றுகிறது.

ஆதாமைத் தோட்டத்தில் வைத்தபோது கர்த்தர் இரண்டு வேலை கொடுத்தார் என்று ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் படிக்கிறோம். ஒன்று பண்படுத்துவது, மற்றொன்று காப்பது. முதல் வேலையை நாம் நன்றாகச் செய்கிறோம். அதற்காகத்தான் ஊரை விட்டு இங்கே வந்தோம். கட்டடம் கட்டுகிறோம், வண்டி ஓட்டுகிறோம், ஆஸ்பத்திரியில் இரவு ட்யூட்டி பார்க்கிறோம். இரண்டாவது வேலை, 'இது நம் நாடு இல்லையே, நமக்கென்ன' என்று மறந்துபோகிறது. ஆதாமும் அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரன் அல்ல. அவனும் அங்கே வைக்கப்பட்டவன்தான்.

அதனால் சபையாரிடம் ஒரு சின்ன வேண்டுகோள். இந்தக் குளிர்காலத்தில் பிக்னிக் போகும்போது கேஸ் அடுப்பு எடுத்துக்கொள்வோம், அல்லது காய்ந்த கரியைக் கடையில் வாங்கிக்கொள்வோம். ஒரு குச்சியும் பிடுங்க வேண்டாம். வண்டியை ஏற்கெனவே இருக்கிற தடத்திலேயே நிறுத்துவோம். பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்கிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவோம்; அது ஆட்டின் வயிற்றுக்குள் போகக் கூடாது. பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை. பெரியவர்கள் யாராவது, நானே ஆனாலும், செடியில் கை வைத்தால், "அங்கிள், அது தூங்குது" என்று சொல்லுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன மார்ச்சில் என் மகளை அழைத்துக்கொண்டு, நாங்கள் பிக்னிக் போன அந்த இடத்துக்கு மறுபடி போனேன். நாங்கள் பிடுங்கிய இடத்தில் வெறும் மணல். கொஞ்சம் தள்ளி ஒரு அர்ஃபஜ் மஞ்சளாகப் பூத்திருந்தது. காட்டுப் பூக்களைக் கவனித்துப் பாருங்கள் என்று நம் ஆண்டவர் சொன்னாரே, அன்றுதான் நான் கீழே உட்கார்ந்து கவனித்தேன். மகள் பறிக்கக் கை நீட்டினாள். பிறகு அவளாகவே கையை எடுத்துக்கொண்டாள்.

கர்த்தர் நம் எல்லோருக்கும் அந்தக் கிருபையைத் தருவாராக. ஆமென்.