குறிப்பேடும் பேரேடும்



ஜே. ஏ. ரஸ்ஸல் 1929ஆம் ஆண்டு கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்நாள் முதல் இங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளரின் பெயர்களை வரலாற்று நூல்களில் தேடினால் கிடைப்பது அரிது. பழைய செக்ரோல் ஏடுகள், நிறுவைப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், நிழற்படங்கள் ஆகியவற்றில்தான் அவர்கள் வாழ்கின்றனர். இவற்றை மின்படிகளாக்கிப் பெரிய வட்டுகளில் சேமிக்க விழையும் இளைஞர்கள், வட்டினை ஆயத்தம் செய்யும் நாளிலேயே அறிய வேண்டிய ஒன்றைப் பற்றிப் பேசவே வந்துள்ளேன்.

நம் கணக்குப்பதிவியலில் இரு சொற்கள் உண்டு. நடப்பை நடந்தவுடன் எழுதுவது குறிப்பேடு. அதனை வகைப்படுத்தி ஏற்றுவது பேரேடு. கணினியின் கோப்பு முறைமைகள் பலவும் இவ்வாறே இயங்குகின்றன. செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் எழுதும்; பின்னரே உரிய இடத்தில் பதியும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கிராணியார் ஒவ்வொருவர் எடையையும் சிறு புத்தகத்தில் எழுதுகிறார். மாலையில் பேரேட்டில் ஏற்றுகிறார். பாதி ஏற்றும்போது விளக்கு அணைந்தாலும் கணக்குக் கெடாது. மறுநாள் சிறு புத்தகத்தைப் பார்த்து, முழுமையாக எழுதப்பட்டவற்றை ஏற்றுவார். அரைகுறை வரியை விட்டுவிடுவார். மின்வெட்டுக்குப்பின் கணினி செய்வதும் இதுவே.

அச்சிறு புத்தகம் எத்தனை பக்கம் இருக்க வேண்டும்? பேரேட்டில் ஏறாத பக்கத்தை அழித்தெழுத இயலாது. ஆகவே புத்தகம் மிகச் சிறிதாயின், ஏற்றி முடிக்கும் வரை வரிசை காத்து நிற்கும். மிகப் பெரிதாயின், விபத்துக்குப்பின் சரிபார்க்க வேண்டியது மிகும், மீட்பு நீளும்.

இங்கே பலரும் தடுமாறுவதுண்டு. குறிப்பேட்டின் தேவையை முடிவு செய்வது சேமிப்பின் பருமன் அன்று, மாற்றங்களின் எண்ணிக்கையே. எக்ஸ்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை, கோப்பின் பெயர், இருப்பிடம் போன்ற மீத்தரவுகளையே குறிப்பேட்டில் எழுதுகிறது, உள்ளடக்கத்தை எழுதுவதில்லை. பல ஜிகாபைட் அளவுள்ள ஒரு திரைப்படத்தைச் சேமிப்பதால் விளையும் பதிவுகள் சிலவே. பத்தாயிரம் ஏட்டுப் பக்கங்களைத் தனித்தனிப் படங்களாகச் சேமித்தால் பதிவுகள் பல்லாயிரம். நம் பணி இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எக்ஸ்.எஃப்.எஸ். முறைமையில், பொதுவாக மொத்த இடத்தில் 2048இல் ஒரு பங்கு குறிப்பேட்டுக்கு ஒதுக்கப்படும். ஒரு டெராபைட்டுக்கு ஏறத்தாழ அரை ஜிகாபைட். நான்கு டெராபைட்டில் இரண்டு ஜிகாபைட் என்னும் உச்ச வரம்பை அது நெருங்கிவிடும். ஆதலின் அதனினும் பெரிய வட்டில் நாம் கூட்டுவதற்கு ஏதுமில்லை, இயல்பளவே போதும். சிறிய வட்டில் எண்ணற்ற சிறு கோப்புகளை வைப்போர் மட்டும் அளவைச் சற்றுக் கூட்டுவது பற்றிச் சிந்திக்கலாம்.

அச்சிந்தனை தொடக்கத்திலேயே வேண்டும். எக்ஸ்.எஃப்.எஸ். குறிப்பேட்டின் அளவை உருவாக்கியபின் மாற்ற வழியில்லை. தரவை வேறிடத்துக்கு மாற்றி, வட்டினைப் புதிதாக அமைக்க வேண்டும். எக்ஸ்ட்4 முறைமையிலோ, வட்டினைப் பயன்பாட்டிலிருந்து விடுவித்து, பழைய குறிப்பேட்டை நீக்கி, வேறு அளவில் அமைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. குறிப்பேடு காப்பது ஒழுங்கை, உள்ளடக்கத்தை அன்று. எந்த ஏடு எங்கே உள்ளது என்னும் கணக்கு குலையாமல் அது காக்கும். வட்டே பழுதானால், எத்துணைப் பெரிய குறிப்பேடும் ஒரு பாட்டியின் நிழற்படத்தைக்கூட மீட்டுத் தராது. ஆகவே அளவைப் பற்றி ஒரு நாழிகை எண்ணுங்கள். இரண்டாம் படியை வேறொரு வீட்டில் வைப்பதற்கு ஒரு நாளையே ஒதுக்குங்கள். நம் முன்னோர் பெயர்கள் ஒரே வட்டை நம்பி இருத்தல் கூடாது.