பழம்படங்களைச் செப்பனிடும் கலை



ஓலைச்சுவடி ஒன்றைச் செல்லரித்துவிட்டால் நாம் வருந்துகிறோம். கோயிற்சுவரின் ஓவியத்தின்மீது சுண்ணாம்பு பூசினால் சினம் கொள்கிறோம். ஆனால், திரைப்படமொன்று தகரப் பெட்டிக்குள் கிடந்து மக்கிப் போவதைப் பற்றி நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பார்த்து முடித்ததும் மறந்துவிடத் தக்க கேளிக்கைதானே என்று இருந்துவிடுகிறோம். இக்கருத்துச் சரியன்று. பழைய படமொன்றைச் செப்பனிட்டு, இல்லத்திலிருந்தே தெளிவாகக் காணுமாறு செய்வது எத்தகைய பணி என்பதை, நாம் பணியாற்றி வரும் திருவனந்தபுரத்துச் சான்றுகளைக் கொண்டே இன்று சிறிது ஆராய்வோம்.

1993ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வெளிவந்த 'மணிச்சித்ரத்தாழ்' என்னும் மலையாளப் படத்தை அறியாதார் கேரளத்தில் இலர் எனலாம். மது முட்டம் எழுதிய கதையைப் பாசில் இயக்கினார். பழைய தறவாட்டு வீடொன்றில் மணிச்சித்திரப் பூட்டிட்டு அடைத்த அறை ஒன்று உண்டு. தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்டு, அவ்வீட்டுத் தலைவனால் கொலையுண்ட நாகவல்லி என்னும் ஆடல்மகளின் ஆவி அங்கே அடைக்கப்பட்டுள்ளது என்பது ஊரார் நம்பிக்கை. அவ்வீட்டிற்கு வந்த கங்கா என்னும் பெண் பூட்டைத் திறக்கிறாள். அதன் பின்னர் நள்ளிரவுகளில் சலங்கை ஒலி கேட்கிறது. தமிழ்க் குரலும் கேட்கிறது. இது பேயின் செயலன்று, மனநோயின் விளைவே என்று மருத்துவர் ஒருவர் கண்டறிகிறார். கங்காவாகவும் நாகவல்லியாகவும் நடித்தவர் இந்நகரிலேயே பிறந்த ஷோபனா. இந்நடிப்புக்காக அவர் தேசிய விருது பெற்றார். படப்பிடிப்பு நடந்த இடங்களுள் ஒன்று, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை. படத்தின் பெயரில் வரும் 'தாழ்' என்னும் சொல்லும் நமக்கு அயற்சொல் அன்று.

முப்பதாண்டுகள் கழிந்த பின்னர், 2023 நவம்பரில், கேரளீயம் விழாவையொட்டி இந்நகரின் கைரளி திரையரங்கில் அப்படத்தைத் திரையிட்டார்கள். வந்த கூட்டத்தை ஒரு காட்சியில் அடக்க இயலவில்லை. கூடுதல் காட்சிகள் நடத்த வேண்டியதாயிற்று. அவ்வரிசையில் நாமும் நின்றோம். நமக்கு முன் நின்ற கல்லூரி மாணவர்கள், படம் வெளியான நாளில் பிறந்தே இராதவர்கள். மறு ஆண்டு, 2024 ஆகஸ்ட் 17ஆம் நாள், மாட்டினி நவ், இ4 என்டர்டெயின்மென்ட் ஆகிய நிறுவனங்களின் முயற்சியால், 4கே என்னும் உயர்தெளிவில் செப்பனிட்டு, ஒலியையும் புதிதாக அமைத்து, அப்படம் மீண்டும் வெளியிடப்பட்டது.

இங்கே 'செப்பனிடுதல்' என்பது யாது? படச்சுருள் உயிருள்ள பொருளைப் போன்றது. அதற்கும் மூப்பு உண்டு. அசெட்டேட் என்னும் பொருளாலான சுருள், வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் கிடந்தால், தன்னுள்ளிருந்தே அமிலத்தைக் கசியவிடும். பெட்டியைத் திறந்தவுடன் காடியின் புளித்த நெடி மூக்கைத் துளைக்கும். பின்னர் சுருள் சுருங்கி நெளியும். ஓரத் துளைகள் இயந்திரப் பற்களுக்குப் பொருந்தாமற் போகும். வண்ணப் படமாயின், சாயங்களுள் சில முந்தி வெளிறிவிட, எஞ்சுவது செம்மை படிந்த காட்சியே. ஆண்டில் இருமுறை மழைக்காலம் காணும் திருவனந்தபுரம் போன்ற நகரில், பூஞ்சையும் இதற்குத் துணை நிற்கும்.

ஆகவே, முதற்பணி மருத்துவப் பணி. சுருளை அங்குலம் அங்குலமாகக் கையால் நகர்த்திப் பார்த்து, கிழிந்த துளைகளை ஒட்டி, அழுக்கை நீக்குவார்கள். பின்னர் ஒவ்வொரு படமாக ஒளிவருடி எண்முறைக்கு மாற்றுவார்கள். ஒரு நொடிக்கு 24 படங்கள். இரண்டே முக்கால் மணி நேரப் படமாயின் ஏறத்தாழ 2,40,000 படங்கள்! கீறல் விழுந்த சுருளை ஒருவகைத் திரவத்தில் நனைத்தபடியே படமெடுப்பதும் உண்டு. கீறிய கண்ணாடியின்மேல் நீர் படர்ந்தால் கீறல் மறைவதைக் கண்டிருப்பீர்கள், இதுவும் அவ்வாறே. அதன்பின் கணிப்பொறியின் முன்னமர்ந்து, தூசியையும் கீறலையும் ஒளி நடுக்கத்தையும் பொறுமையாகக் களைவார்கள். இறுதியாக வண்ணத்தைச் சீராக்குவார்கள். ஒலித்தடத்தில் ஏறிய இரைச்சலைக் குறைப்பார்கள்.

இவ்வளவு பாடுபட்டதன் பயனை இல்லத்திரையிலும் காணலாம். பழைய தொலைக்காட்சியில் ஒரு படம் ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகளால் ஆனது. உயர்தெளிவுத் தொலைக்காட்சியில் அது 20 லட்சத்துக்கு மேல். 4கே திரையிலோ 80 லட்சத்தையும் கடக்கும். பட்டுப்புடவையின் சரிகையும், மரத்தூணின் வேலைப்பாடும் அப்போதுதான் தம் உருவை முழுமையாகக் காட்டுகின்றன.

ஆயினும், தெளிவு ஒன்றே குறிக்கோளாகிவிட்டால் கேடு விளையும். அச்சந்தரும் படங்களில் இருளே பாதிக் கதை சொல்கிறது. எல்லாவற்றையும் வெளிச்சமாக்கிவிட்டால், நாம் அஞ்சியது ஒரு வெற்றுச் சுவரைத்தான் என்றாகிவிடும். படச்சுருளுக்கே உரிய நுண்மணிகள் திரையில் மெல்ல அசையும். கைத்தறித் துணியின் நெசவு போல அது அதன் இயல்பு. அதனை அழுக்கென்று கருதி அறவே துடைத்தால் நடிகரின் முகம் மெழுகுப் பொம்மையின் முகமாகிவிடும்.

இத்தாலிய நாட்டின் தாரியோ அர்ஜென்தோ 1977 இல் எடுத்த 'சஸ்பீரியா' என்னும் திகில் படம் இதற்கு நல்ல சான்று. இரத்தச் சிவப்பும் ஆழ்ந்த நீலமும் அப்படத்தின் உயிர். அவ்வண்ணங்களைத் தவறவிட்ட பதிப்புகள் பல முன்பு இல்லங்களுக்கு வந்தன. பின்னர் மூல நெகட்டிவைக் கொண்டு செப்பனிட்டபோது, ஒளிப்பதிவாளர் லூச்சானோ தோவோலியையே அருகிருத்தி, ஒவ்வொரு வண்ணத்துக்கும் அவர் இசைவைப் பெற்றார்கள். படைத்தவன் கண் கண்டது எது என்று கேட்பதே செப்பனிடுவோரின் முதற்கடமை என்பதை இது காட்டுகிறது.

நாம் மொழிபெயர்ப்பை வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர்கள். மூலத்தில் இல்லாத அழகைச் சேர்க்கும் ஆசை எங்களுக்கு அன்றாடம் எழும். அதனை அடக்குவதே எங்கள் தொழில். உ. வே. சாமிநாத ஐயர் ஏடுகளைப் பதிப்பித்தபோது, சிதைந்த இடங்களில் தம் புலமையால் சொற்களை இட்டு நிரப்பியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. கிடைத்ததைத் தந்தார், கிடைக்காத இடத்தைக் கிடைக்கவில்லை என்றே காட்டினார். படத்தைச் செப்பனிடுவோருக்கும் இதுவே இலக்கணம்.

இனி, நம் உள்ளத்தைத் தொட்ட செய்தி ஒன்றைக் கூறுவோம். பணியின் பொருட்டு இந்நகருக்கு வந்த முதலாண்டில், வாடகை வீட்டின் சிறு தொலைக்காட்சியில் இப்படத்தைப் பார்த்தோம். மங்கிய காட்சி, கரகரத்த ஒலி. நாகவல்லியின் தமிழ் அதில் வெறும் அலறலாகவே கேட்டது. நாம் தமிழர் என அறிந்ததும் நண்பர் சிலர், "நாகவல்லியைப் போல் ஒருமுறை பேசிக் காட்டுங்கள்" என்று நகைத்துக் கேட்பது வழக்கம். அவர்கள் தீங்கு கருதிக் கேட்கவில்லை. ஆயினும், தாயிடம் கற்ற மொழி அயலார் வீட்டில் பேயின் மொழியாகிவிட்டதே என்று உள்ளூற ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. வேறு மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இவ்வுறுத்தல் புதிதாயிராது.

2024 இல் செப்பனிட்ட படத்தைப் பார்க்க, மலையாளப் பள்ளியில் படிக்கும் நம் மகளை அழைத்துச் சென்றோம். இரைச்சல் நீங்கிய ஒலியில், சொற்களுக்கிடையே மூச்சும் விம்மலும் கேட்டன. இல்லம் திரும்பும் வழியில் அவள் கூறினாள்: "அப்பா, அவள் மிரட்டுவதற்கு முன்னால் நிறைய அழுதிருக்கிறாள்." நாம் மறுமொழி கூறவில்லை. இருபதாண்டுகளாக நம் காதில் விழாதது அவள் காதில் விழுந்தது. ஊரைவிட்டுக் கொண்டுவரப்பட்டவள், தன் சொல்லை உணர்வார் எவருமற்ற வீட்டில் பேசிய தமிழ் அது.

அக்குரலுக்கும் ஒரு வரலாறு உண்டு. திரையில் நடித்தவர் ஷோபனா. கங்காவுக்குப் பின்னணிக் குரல் தந்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் குரலும் அவருடையதே என்று பலர் நெடுநாள் எண்ணியிருந்தனர். அத்தமிழைப் பேசியவர் துர்கா என்னும் பின்னணிக் குரற்கலைஞர் என்பதை 2016 இல் இயக்குநர் பாசிலே வெளிப்படுத்தினார். நாகவல்லி பாடியாடும் பாட்டின் தமிழ்ப் பகுதியை எழுதியவர் நம் கவிஞர் வாலி. கீறலை நீக்குவது போலவே, மறைந்த பெயரை அதற்குரிய இடத்தில் வைப்பதும் செப்பனிடும் பணியேயாகும். இன்னொன்றும் எண்ணத்தக்கது: இக்கதை 2005 இல் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தபோது, ஆடல்மகள் தெலுங்கு பேசுபவளானாள். அச்சத்திற்கு அயல்மொழியைச் சூட்டும் வழக்கம் மலையாளிகளுக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உண்டு.

காக்கப்பெறாதவை என்னவாயின என்பதையும் இந்நகரே சொல்லும். மலையாளத்தின் முதற்படமான 'விகதகுமாரன்' இங்குள்ள காபிடல் அரங்கில் திரையிடப்பட்டது. அதனை எடுத்த ஜே. சி. டேனியல் வறுமையுற்று, தம் இறுதி நாள்களை அகஸ்தீஸ்வரத்தில் கழித்து, 1975 இல் மறைந்தார். நாயகியாக நடித்த பி. கே. ரோசி, தாழ்த்தப்பட்ட குலத்தவர் உயர்குலப் பெண்ணாக நடிப்பதா என்று வெகுண்டோரின் தாக்குதலுக்கு ஆளாகி ஊரைவிட்டே வெளியேறினார். இன்று அப்படத்தின் ஓரடிச் சுருளும் நம்மிடம் இல்லை. ரோசி எவ்வாறு நடித்தார் என்பதை இனி எந்தக் கருவியாலும் மீட்க இயலாது.

அடுத்த படமான 'மார்த்தாண்டவர்மா' 1933 இல் வெளிவந்து, நூலுரிமை வழக்கில் சிக்கியது. அதன் பிரதி இந்நகரின் கமலாலயம் புத்தகக் கடையிலேயே கிடந்தது. 1974 இல் புணேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதனைப் பெற்றுக் காத்தது. அக்காப்பகத்தை உருவாக்கிய பி. கே. நாயரும் திருவனந்தபுரத்திற் பிறந்தவரே. குழந்தைகளை விலங்குகளாக்கும் பூச்சாண்டியைப் பற்றி அரவிந்தன் 1979 இல் எடுத்த 'கும்மாட்டி' என்னும் படமும், புணேயில் காக்கப்பட்ட பிரதி ஒன்று இருந்தமையாலேயே, இத்தாலியின் பொலோனா நகரில் செப்பனிடப்பட்டு 2021 இல் மறுவாழ்வு பெற்றது. ஒன்று அழிந்தது, இரண்டு பிழைத்தன. மூன்றுக்கும் இடையேயுள்ள வேறுபாடு, யாரோ ஒருவர் அதனை எறியாமல் வைத்திருந்தார் என்பதே.

நேயர்களே, இல்லத்தில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. செப்பனிட்ட படத்தைப் பார்க்கும்போது அறை விளக்கை அணையுங்கள். தொலைக்காட்சியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பையும், நிறத்தை மிகைப்படுத்தும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். படம் தன் இயல்பான இருளோடு தோன்றும். பணிமாற்றத்தில் ஊர் ஊராய்ச் சுமந்து வந்த பெட்டியில், திருமண ஒளிநாடாவோ, மறைந்த பாட்டியின் குரலைப் பதிந்த ஒலிநாடாவோ இருக்கலாம். பூஞ்சை படர்ந்திருந்தால் இயந்திரத்தில் இட்டு ஓட்டாதீர்கள். அறிந்தவரிடம் தந்து எண்முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின்னரும் மூலத்தை எறிந்துவிடாதீர்கள். ஈரமற்ற இடத்தில் வைத்து, அதில் பேசுவோர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.

அயலூரில் வளரும் நம் குழந்தைகள் ஒருநாள் அப்பெட்டியைத் திறப்பார்கள். அப்போது அவர்கள் கேட்கும் தமிழ் வெறும் இரைச்சலாய் இராமல், பேசியவரின் பெயரோடும் மூச்சோடும் இருக்குமாறு செய்வது நம் கையில்தான் இருக்கிறது.